மரத்தில் இருந்து ஒரு ஸ்டேஷனை நீக்குவது எப்படி?

பைனரி சர்ச் ட்ரீயில் ஒரு தகவலைச் சேர்ப்பது எளிது. நீக்கும்போதுதான் தலைவலி. லேப் தேர்வில் பலர் திணறுவதும் இங்கேதான். எங்கள் ஊர் வேப்பம்பட்டு, சென்னை-அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறது. அந்த ஸ்டேஷன்களை வைத்தே பார்த்துவிடுவோம்.

விதி ஒன்றுதான். எந்த நோடை எடுத்தாலும் அதைவிடச் சென்னைக்கு அருகில் உள்ளவை இடப்பக்கம். தள்ளி உள்ளவை வலப்பக்கம். உச்சியில் வேப்பம்பட்டு. அதன் இடப்பக்கம் ஆவடி. ஆவடிக்குக் கீழே இடதில் அம்பத்தூர், வலதில் திருநின்றவூர். உச்சிக்கு வலப்பக்கம் திருவள்ளூர். அதற்குக் கீழே இடதில் செவ்வாப்பேட்டை ரோடு, வலதில் கடம்பத்தூர். செவ்வாப்பேட்டைக்கு வலப்பக்கம் மட்டும் புட்லூர்.

கடம்பத்தூரை நீக்க வேண்டுமா? அதன் கீழே எதுவும் இல்லை. திருவள்ளூரின் வலது பாயிண்டரை நல் ஆக்கினால் முடிந்தது. செவ்வாப்பேட்டையை நீக்கினால், புட்லூரைத் திருவள்ளூரோடு இணைத்துவிடலாம்.

எங்கள் ஊரையே நீக்கச் சொன்னால்? (மனசு வரவில்லை, இருந்தாலும் செய்வோம்.) இரண்டு பக்கமும் கிளைகள். காலியாகும் இடத்தில் யாரை வைத்தால் விதி கெடாது? ரயிலில் எங்கள் ஊருக்கு அடுத்து வரும் செவ்வாப்பேட்டையை! கண்டுபிடிக்க, ஒருமுறை வலப்பக்கம் இறங்குங்கள். பிறகு வழி இருக்கும்வரை இடப்பக்கமே இறங்குங்கள். இடப்பக்கம் எதுவும் இல்லாததால்தான் அங்கே நிற்கிறோம். எனவே அந்த நோடுக்குக் கீழே அதிகபட்சம் ஒரே கிளைதான், நீக்குவது சுலபம். அதன் பெயரை உச்சிக்கு காப்பி செய்து, புட்லூரைத் திருவள்ளூரின் இடப்பக்கம் இணைத்து, அதன்பிறகே பழைய நோடை ஃப்ரீ செய்யுங்கள். வரிசை மாறினால் புட்லூரின் முகவரி கையை விட்டுப் போய்விடும்.

திருவள்ளூருக்கு இடப்பக்கம் எதுவுமே இல்லாவிட்டால் திருவள்ளூரே மேலே வரும். அப்போது மாற்ற வேண்டியது உச்சி நோடின் வலது பாயிண்டரை. இதைத் தனியாகச் சோதித்துப் பாருங்கள். பல புரோகிராம்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன.

இந்த முறையை 1962-ல் வெளியிட்டவர் தாமஸ் ஹிப்பர்ட். பல ஆண்டுகள் இதில் குறையே இல்லை என்றுதான் நினைத்தார்கள். 1983-ல் ஜெஃப்ரி எப்பிங்கர், சேர்ப்பதும் நீக்குவதுமாக வெகுநேரம் ஓட்டிப் பார்த்தார். எப்போதும் வலப்பக்கத்திலிருந்தே ஆள் எடுப்பதால் மரம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து, தேடும் பாதை நீண்டுகொண்டே போனது. செவ்வாப்பேட்டைக்குப் பதில் திருநின்றவூரையும் மாற்றி மாற்றி எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை என்பதும் அவர் சோதனையில் தெரிந்தது.

ஜாவாவின் ட்ரீமேப்பும் வலப்பக்கத்தைத்தான் எடுக்கிறது. ஆனால் அது ரெட்-பிளாக் மரம். சாய்வைத் தானே சரிசெய்துகொள்ளும். நீங்களே சி மொழியில் எழுதும் சாதாரண மரத்துக்கு அந்த வசதி கிடையாது. அதில் இரண்டு பக்கமும் மாறி மாறி எடுக்க நாலு வரி கூடுதலாக எழுதிவிடுங்கள்.