கோபித்துக்கொண்டு போன மனைவிக்கு கணவன் சொத்தில் பங்கு உண்டா?

சண்டை போட்டு தாய் வீட்டுக்கு போன பெண், 10 வருஷம் கழித்து கணவன் சாவுக்கு வந்து நிற்பார். "உயிரோட இருந்தப்ப எட்டிப் பார்க்காதவளுக்கு சொத்து ஒரு கேடா?" என்று மாமியார் வீட்டார் விரட்டுவார்கள். ஊருக்கு ஊர் நடக்கும் கூத்து இது.

சட்டம் அப்படி சொல்லவில்லை. விவாகரத்து ஆகாத வரை அவர்தான் மனைவி. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமை சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சரி பங்கு. 2 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு கால் பங்கு. பஞ்சாயத்தில் வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிய 'தீர்த்து விட்டாச்சு' எல்லாம், அந்த சாதியில் அப்படி ஒரு வழக்கம் உண்டென்று நிரூபித்தால்தான் கோர்ட்டில் நிற்கும்.

முதல் மனைவி இருக்கும்போது கட்டிய இரண்டாவது மனைவிக்கு பங்கு இல்லை. அவர் பிள்ளைகளுக்கு உண்டு.

பேங்கில் தம்பியை நாமினி போட்டிருக்கிறாரா? பயப்பட வேண்டாம். நாமினி பணத்தை வாங்கலாம், அது அவருக்கே சொந்தமாகி விடாது என்று 2010-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லி விட்டது. உயில் இருந்தால்தான் சிக்கல். தான் சம்பாதித்ததை கணவன் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

வாரிசு சான்றிதழில் பேரை விட்டு விட்டால், கல்யாண பத்திரிகை, போட்டோவோடு உடனே தாசில்தாரிடம் மனு கொடுக்கணும். அங்கே தகராறு தீராவிட்டால் சிவில் கோர்ட்டுதான்.