சணல் காட்டிய வழி

கம்பைநல்லூர்க் கடைவீதியில் அடுக்கியிருக்கும் சணல் சாக்குகளை நாம் அறிவோம். அந்தச் சணலுக்கும், ரேடாரின் பார்வையிலிருந்து பொருள்களை மறைக்க விஞ்ஞானிகள் செய்துள்ள நீளும் ‘தோலுக்கும்’ உறவுண்டு என்றால் நம்ப இயலுமா? ஆயினும் அது உண்மையே.

1885-ஆம் ஆண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராய்ச் சேர்ந்தவர் ஜகதீச சந்திர போஸ். வெள்ளையருக்குக் கொடுத்த ஊதியம் இந்தியருக்கு மறுக்கப்பட்டமையால், மூன்று ஆண்டுகள் சம்பளம் வாங்காமலே பாடம் நடத்தினார். நல்ல ஆய்வுக்கூடமும் அவருக்கு வாய்க்கவில்லை. உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரின் துணையோடு கருவிகளைச் செய்துகொண்டார். அவற்றைக் கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார்.

1898-இல் அவர் சணல் நாரை முறுக்கி, அவ்வலைகளின் பாதையில் வைத்தார். அலை அதிரும் தளம் திரும்பிற்று! வலமாக முறுக்கிய சணல் ஒரு பக்கம் திருப்பியது. இடமாக முறுக்கியதோ மறுபக்கம் திருப்பியது. நார் ஒன்றே, முறுக்குத்தான் வேறு. அலையை ஆள்வது பொருளின் தன்மை மட்டுமன்று, அதன் வடிவமும்தான் என்பது இதனால் விளங்கிற்று.

இவ்வுண்மையின் மேல் எழுந்ததே இன்றைய புதுக்கலை. 2016-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார், சிலிகோன் ரப்பர் ஏடுகளினுள் 2.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள சிறு வளையங்களை வரிசையாக அமைத்து, அவற்றில் காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்த திரவ உலோகத்தை நிரப்பினர். ஒவ்வொரு வளையமும் தனக்குரிய அலைவெண்ணுக்கே இசைந்து, அவ்வலையைச் சிறைப்படுத்தும். மிருதங்கத்தின் வாரை இறுக்கினால் சுருதி மாறுவதுபோல், ஏட்டை இழுத்து நீட்டினால் அது அடக்கும் அலைவெண்ணும் மாறும். உலோகம் திரவமாதலால் இழுத்தாலும் அறுந்துபோவதில்லை. ஒரு பொருளைச் சுற்றி இதனைப் போர்த்தியபோது, 8 முதல் 10 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள ரேடார் அலைகளில் ஏறத்தாழ 75 விழுக்காடு அடங்கிற்று.

பெற்றோரே! “எங்கள் பள்ளியில் கருவிகள் இல்லை” என்று உங்கள் பிள்ளை சோர்ந்து வந்தால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள். பள்ளிக்கு நல்ல ஆய்வுக்கூடம் கேட்பது நம் கடமை, கேட்டுப் பெறுவோம். ஆனால் அது வரும்வரை பிள்ளையின் கேள்வி காத்திருக்க வேண்டியதில்லை. அலையின் தளத்தைத் திருப்பப் போஸ் எடுத்துக்கொண்டது வெறும் சணலே.