கண்ணாடி மணி: உருக்குவது எளிது, ஆற்றுவதுதான் வேலை

இன்ஸ்டாகிராமில் ஸ்க்ரோல் பண்ணும்போது அந்த வீடியோ உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு கையில் கண்ணாடிக் குச்சி, இன்னொரு கையில் மெல்லிய கம்பி, நடுவில் நீல நிறத் தீ. குச்சியின் நுனி தேன் மாதிரி உருகிக் கம்பியில் சுற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் பளபளன்னு ஒரு மணி! "இதை நாமளும் செஞ்சு தோடு, மாலைன்னு வித்தா என்ன?" என்று தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். படிப்புக்கு நடுவே, வார இறுதியில் மட்டும் செய்யக்கூடிய கலைதான் இது. ஆனால் மணி தீயை விட்டு வெளியே வந்த பிறகு நடப்பதை அந்த வீடியோக்கள் பெரும்பாலும் காட்டுவதில்லை. உங்கள் மணி உடையுமா, உங்கள் பேர் நிலைக்குமா என்பது அங்கேதான் முடிவாகிறது.

முதலில் செய்முறை. மணி செய்வது நம்ம பக்கத்துக்குப் புதுசு இல்லை. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே நிறைய கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. அங்கே செய்த சின்ன மணிகள், உருகிய கண்ணாடியை நீளமான குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, மறுபடி சூடாக்கி முனை மழுக்கியவை. அது ஒரு பட்டறையே சேர்ந்து செய்யும் வேலை. நாம் பேசப்போவது தனி ஆள் மேசையில் உட்கார்ந்து செய்யும் 'லேம்ப்வொர்க்' முறை. இதில் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகக் கம்பியில் சுற்றப்படுகிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை ஒருவகைக் களிமண் கூழில் முக்கிக் காயவைப்பார்கள். இல்லையென்றால் கண்ணாடி கம்பியில் ஒட்டிக்கொண்டு வராது. 5, 6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடிக் குச்சியை முதலில் தீயின் ஓரத்தில் காட்டி, மெதுவாக உள்ளே கொண்டுபோக வேண்டும். சடாரென்று நுழைத்தால் நுனி தெறிக்கும். உருகியதும் கம்பியில் சுற்றி, கம்பியை உருட்டிக்கொண்டே இருந்தால் பரப்பு இழுவிசை மணியைத் தானாகவே உருண்டையாக்கிவிடும். உருட்டுவதை நிறுத்தினால் புவியீர்ப்பு ஒரு பக்கமாக இழுத்துவிடும். கை பழக சில வாரங்கள் ஆகும், அவ்வளவுதான்.

இப்போ அந்த முக்கியமான பகுதி. தீயிலிருந்து எடுத்த மணியின் வெளிப்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகும். உள்ளே இருக்கும் கண்ணாடி பிறகு சுருங்கப் பார்க்கும். இறுகிய மேல்தோல் விடாது. அந்த இழுபறி உள்ளேயே தகைவாகத் தங்கிவிடுகிறது. "டஃபன்டு கிளாஸும் இப்படித்தானே செய்யுறாங்க?" என்று மெக்கானிக்கல் நண்பர்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் அங்கே தகைவு கணக்காக, எல்லா இடத்திலும் சமமாக ஏற்றப்படுகிறது. மணியிலோ ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெல்லிசு, மேலே புள்ளி, பூ. தகைவு கண்டபடி இருக்கும். அப்படிப்பட்ட மணி அன்றே உடையலாம், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவரின் கழுத்திலும் உடையலாம்.

இதற்கு வழி அனீலிங். மணி செய்யும் சோடா-லைம் கண்ணாடிக்குச் சுமார் 500 முதல் 520 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் மணியின் வடிவம் மாறாது. உள்ளே இருக்கும் தகைவு மட்டும் தளர்ந்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் அங்கேயே வைத்து, பிறகு மெதுவாக இறக்க வேண்டும். மணி பெரிதானால் நேரமும் கூடும். சரியான எண்ணைக் கண்ணாடி தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். செராமிக் கம்பளியிலோ வெர்மிகுலைட்டிலோ புதைத்து வைத்தால் மணி உடனே வெடிக்காமல் தப்பும். ஆனால் அது அனீலிங் ஆகாது.

சூளை வாங்கக் காசு இல்லையா? கம்பளியில் ஆறித் தப்பிய மணிகளைச் சேர்த்துவைத்து, பிறகு மொத்தமாக மெதுவாகச் சூடேற்றி அனீல் செய்யலாம். நாலு பேர் சேர்ந்து ஒரு சூளை வாங்கலாம். நம்ம கல்லூரி மெட்டீரியல்ஸ் லேபில் மஃபிள் ஃபர்னஸ் இருந்தால், பேராசிரியரிடம் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு பொறி, இரண்டு வகைக் கண்ணாடியைக் கலப்பது. மணிக்குச்சியின் மேல் '104' என்று போட்டிருந்தால் அது வெப்ப விரிவுக் குணகம்: ஒரு டிகிரிக்கு 104 × 10⁻⁷. லேப் பீக்கரின் போரோசிலிகேட்டுக்கு அது சுமார் 33. இரண்டையும் ஒட்டினால் என்ன ஆகும்? வித்தியாசம் 71 × 10⁻⁷. 500 டிகிரி குளிரும்போது திரிபு சுமார் 0.0035. யங் குணகம் ஏறக்குறைய 70 ஜிகாபாஸ்கல் என்றால் தகைவு 245 மெகாபாஸ்கல் பக்கம் வரும். தோராயக் கணக்குதான். ஆனால் சாதாரணக் கண்ணாடி நடைமுறையில் இழுவையில் சில பத்து மெகாபாஸ்கல்தான் தாங்கும். அதாவது எந்த அனீலிங்கும் இதைக் காப்பாற்றாது.

மணி சரியாக ஆறியதா என்று பார்க்க, உங்கள் லேப்டாப்பின் எல்.சி.டி. திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறங்கள். அதிலிருந்து வருவது முனைவாக்கப்பட்ட ஒளி. போலரைஸ்டு கூலிங் கிளாஸை, திரை இருட்டாகும்வரை திருப்பிப் பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில், ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீருக்குள் மணியை வைத்துப் பாருங்கள். துளையைச் சுற்றி வெளிச்சத் திட்டுகள் தெரிந்தால் தகைவு மிச்சம் இருக்கிறது. மறுபடி சூளைக்குப் போகட்டும். ஒளி ஊடுருவும் மணிகளுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை.

அடுத்து விலை. பகுதி நேரமாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தீ முன்னால் உட்கார்ந்த நேரத்தை மட்டும் கணக்கு போடுவார்கள். உதாரணத்துக்கு 20 மணிகள். தீ முன்னால் 4 மணி நேரம், மணிக்கு 100 ரூபாய், கண்ணாடி, கேஸ், மின்சாரம், கொக்கி 450 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 850; ஒன்றுக்கு ரூ.42.50. ஆனால் கம்பி தயாரிப்பு, துளை சுத்தம், கோர்ப்பது, போட்டோ, பேக்கிங் எல்லாம் சேர்த்தால் 9 மணி நேரம். சோதனையில் 3 மணி தேறவில்லை என்றால் 1,350 ரூபாயை 17ஆல் வகுக்க வேண்டும்: ரூ.79க்கு மேல்! 50 ரூபாய்க்கு விற்று "நல்ல சேல்ஸ்" என்று சந்தோஷப்படுபவர் உண்மையில் கைக்காசு போட்டு வேலை செய்கிறார்.

கடைசியாக, விளையாட்டில்லாத விஷயம். ஹாஸ்டல் அறையில் இதைச் செய்யவே கூடாது. காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் தீயணைப்பானும் உள்ள இடம் வேண்டும். வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரை வியாபாரத்துக்குப் பயன்படுத்த சட்டத்தில் இடமில்லை. சோடியத்தின் மஞ்சள் ஒளியை மறைக்கும் டைடிமியம் கண்ணாடி அணியுங்கள். துளையில் ஒட்டிய களிமண்ணைத் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து எடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

முதல் முறை, தெரிந்த ஒருவரின் பட்டறையில் அவர் மேற்பார்வையில் செய்யுங்கள். தீயை அணைத்ததும் சூளையைத் திறக்கக் கை பரபரக்கும். விடுங்க, காலையில் பார்த்துக்கலாம்.