வீடியோ விளையாட்டு இரசிகர் ஓவியங்களும் உரிமையாளரின் மௌனமும்: ஜப்பானிய டோஜின்ஷி மரபை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

வீடியோ விளையாட்டுப் பாத்திரங்களைக் கொண்டு இரசிகர்கள் படைக்கும் வயதுவந்தோர்க்கான ஓவியங்களின் எல்லையை ஆபாசத் தடைச் சட்டம் மட்டும் வகுப்பதில்லை. பதிப்புரிமை உடையோரின் மௌனமும் வகுக்கிறது. இதனை ஜப்பானியச் சான்றுகள்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இரசிகர் ஓவியம், டோஜின்ஷி, பதிப்புரிமை, போக்கிமான், உமா முசுமே.

முன்னுரை

ஆர்வலர்கள் தாமே படைத்துத் தம் செலவில் அச்சிட்டு விற்கும் நூல் ஜப்பானில் டோஜின்ஷி எனப்படும். விளையாட்டு, சித்திரக்கதை ஆகியவற்றின் பாத்திரங்களை மீட்டுருவாக்கும் நூல்கள் இவற்றுள் மிகுதி. இந்நூல்களுக்கான காமிக் மார்க்கெட் என்னும் சந்தை 1975 டிசம்பரில் டோக்கியோவில் 32 குழுக்களுடன் தொடங்கியது. வயதுவந்தோர்க்கான நூல்களும் இச்சந்தையில் இடம்பெறுகின்றன. இன்று இணையத்தில் பரவும் இரசிகர் ஓவியங்களின் ஊற்றுகளுள் இம்மரபும் ஒன்றாகும்.

இரு சட்டங்கள்

இத்தகைய நூல்கள் இரு சட்டங்களுக்கு உட்பட்டவை. முதலாவது, ஆபாசப் பொருள்களைப் பரப்புவதைத் தடுக்கும் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு. பிறப்புறுப்புகளை மறைத்து அச்சிடும் வழக்கம் இதனால் நிலைபெற்றது. இரண்டாவது, பதிப்புரிமைச் சட்டம். பிறர் உருவாக்கிய பாத்திரத்தை இசைவின்றி வரைந்து விற்பது, ஆபாசமாயினும் அல்லவாயினும், உரிமை மீறலாகக் கூடும். எனினும், உரிமையாளர் முறையிட்டாலன்றி இதன்மீது குற்றவழக்குத் தொடர இயலாது. ஆகவே, உரிமையாளர் அறிந்தும் பேசாதிருப்பதே இரசிகர் படைப்பின் காப்பாக அமைந்தது.

போக்கிமான் வழக்கு

இக்காப்பு எத்துணை மெலிந்தது என்பதை 1999ஆம் ஆண்டு வழக்கு காட்டியது. 1996இல் விளையாட்டாக வெளிவந்த போக்கிமான், விரைவில் சிறுவர் உலகின் அடையாளமாயிற்று. அதன் பாத்திரங்களைக் கொண்டு வயதுவந்தோர்க்கான டோஜின்ஷியை வெளியிட்ட பெண் ஒருவர், நின்டெண்டோ உள்ளிட்ட உரிமையாளர்களின் முறையீட்டின்பேரில் 1999 ஜனவரியில் கைது செய்யப்பட்டார். பின்னர் அவருக்கு 1,00,000 யென் அபராதம் விதிக்கப்பட்டது. அவர்மீது சுமத்தப்பட்டது ஆபாசக் குற்றமன்று, பதிப்புரிமை மீறல் என்பது நோக்கத்தக்கது. பலரும் வெளிப்படையாகச் செய்துவந்த ஒன்று, ஒருவருக்கு மட்டும் முன்னறிவிப்பின்றிக் குற்றமாயிற்று.

மௌனத்திலிருந்து வழிகாட்டுதலுக்கு

2018 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம், சில மீறல்களுக்கு முறையீடின்றியும் வழக்குத் தொடர வழிசெய்தது. ஆனால், விற்பனைக்குரிய மூலத்தை அப்படியே படியெடுப்பதற்கே அது பொருந்தும். மாற்றிப் படைக்கும் டோஜின்ஷிக்குப் பொருந்தாது. எனவே, பழைய மௌனம் தொடர்கிறது.

இதற்கு மாறான போக்கு உமா முசுமே விளையாட்டில் காணப்படுகிறது. உண்மையான பந்தயக் குதிரைகளின் பெயர்களை இதன் பாத்திரங்கள் தாங்கியுள்ளன. குதிரை உரிமையாளர்களின் இசைவு இதற்கு இன்றியமையாதது. ஆகவே, பாலியல் சித்திரிப்பைத் தவிர்க்குமாறு சைகேம்ஸ் நிறுவனம் இரசிகர்களுக்கு எழுத்துவடிவில் வழிகாட்டுதல் வழங்கியுள்ளது. மீறினால் பெயர்கள் பறிபோகலாம் என்னும் அச்சம், இரசிகர்களையே ஒருவர்க்கொருவர் காவலராக்கியுள்ளது.

முடிவுரை

மௌனம் பரந்த உரிமையைத் தருகிறது. ஆனால், அது எப்போது கலையும் என்பதைப் படைப்பாளர் அறியார். வழிகாட்டுதல் உரிமையைக் குறுக்குகிறது; ஆயினும், எல்லையை முன்கூட்டியே உணர்த்துகிறது. இரசிகர் ஓவியத்தின் ஒழுக்கம் குறித்த விவாதம், எது ஆபாசம் என்ற வினாவோடு நின்றுவிடாமல், எல்லையை வகுப்பவர் யார், அதனை எப்போது அறிவிக்கிறார் என்ற வினாக்களையும் எழுப்புதல் வேண்டும்.