மாப்பிள்ளை முறுக்கும் பத்துப் பொருத்தமும்: நல்ல துணையை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

அக்கா மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதவரம் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, நீங்கதான் எதையெடுத்தாலும் ஆராய்ச்சி பண்றீங்களே. ஒருத்தன் நல்லவனா இருப்பானான்னு ரெண்டு மூணு தடவை பார்த்துட்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நான் உளவியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். ஆனாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு உரிமை கிடையாது. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

1998இல் அக்காவுக்கு நிச்சயம் ஆனது. பத்துக்கு எட்டுப் பொருத்தம். பையனுக்கு நிரந்தர வேலை, சொந்த வீடு, குடிப்பழக்கம் இல்லை. நிச்சயம் முடிந்த இரண்டாவது வாரம், எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, அக்காவை பீச்சுக்கு அனுப்பச் சொன்னார். கல்யாணத்துக்கு அப்புறம் போகட்டுமே தம்பி என்று அப்பா தன்மையாகத்தான் சொன்னார். மறுமுனையில் ரிசீவரை அடித்து வைத்த சத்தம் கேட்டது. பத்து நாள் பேச்சு இல்லை. கடைசியில் அப்பா பழம், ஸ்வீட் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

வீட்டில் எல்லோரும் சிரித்தோம். "மாப்பிள்ளை முறுக்கு" என்றார்கள். நானும்தான் சிரித்தேன்.

நாலு வருஷத்தில் அக்கா கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். நடந்ததை எல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. "இல்லை" என்ற ஒரு சொல்லை அந்த மனிதரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். அது கல்யாணத்துக்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குச் செல்லமாகப் பெயர் வைத்து ஒதுக்கிவிட்டோம்.

நாம் எதைப் பார்க்கிறோம்?

நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. ராயபுரத்தில் வளர்ந்த முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தபோது, 1997இல் தமிழர்களுக்காக ஓர் இணையதளம் தொடங்கினார். அதில் வரன் தேடும் பகுதிதான் ஆட்களை இழுத்தது. பிறகு அதுவே பாரத் மேட்ரிமோனி ஆனது. அவருக்கே மனைவி அமைந்தது அதன் வழியாகத்தான். ஆக, தேடுவதற்கு இந்த முறை உதவும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு டேட்டாபேஸில் எதைத் தேட முடியும்? கட்டத்தில் நிரப்பக்கூடியதை மட்டும்தான். வயது, உயரம், சாதி, நட்சத்திரம், படிப்பு, சம்பளம். தரகர் கொண்டுவரும் பயோடேட்டாவிலும் இதே கட்டங்கள்தான். கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்று ஒரு கட்டம் கிடையாது. வைத்தாலும் யாரும் உண்மையை நிரப்பப்போவதில்லை.

தொல்காப்பியத்தில் இரண்டு பட்டியல்

பத்துப் பொருத்தம் என்றால் நமக்கு ஜாதகம்தான் நினைவுக்கு வரும். தொல்காப்பியம் பொருளதிகாரத்தில், மெய்ப்பாட்டியலில், வேறொரு பத்து இருக்கிறது. தலைவனும் தலைவியும் எவற்றில் ஒத்திருக்க வேண்டும் என்ற பட்டியல். பிறப்பு, குடிமை, வயது, உருவம், செல்வம் ஆகியவை அதில் உண்டு. கூடவே ஆள்வினை, அன்பு சுரக்கும் இயல்பு, நிறை (தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் குணம்), அருள், உணர்வு ஆகியவையும் உண்டு. முதல் ஐந்தை நாம் விண்ணப்பப் படிவத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம். அடுத்த ஐந்தைக் காணோம்.

இதைவிட முக்கியமானது அதற்கு அடுத்த நூற்பா. எவையெல்லாம் இருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. பொறாமை, கொடுமை, தன்னைத் தானே மெச்சிக்கொள்வது, புறம் பேசுவது, வன்சொல், சோம்பல், பொறுப்பில்லாமை, மறதி, அறியாமை, ஒப்பிட்டுப் பேசுவது, தன் குலப்பெருமையில் மகிழ்வது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். இன்றைக்குப் பல வீடுகளில் பேச்சே அதில்தான் ஆரம்பிக்கிறது!

இந்த இரண்டாவது பட்டியலில் பெரும்பாலானவை நடத்தை சார்ந்தவை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியக்கூடியவை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

2020இல் சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 43 தரவுத் தொகுப்புகள், 11,196 ஜோடிகள். எங்கள் தொழிலில் பயன்படும் மெஷின் லேர்னிங்கை வைத்து, ஓர் உறவின் தரத்தை எது கணிக்கிறது என்று தேடினார்கள்.

ஒருவர் எப்படிப்பட்ட ஆள் என்பதை வைத்து (சுபாவம், வயது, வருமானம், மன அழுத்தம் மாதிரி), ஆய்வு தொடங்கியபோது ஜோடிகளின் திருப்தியில் இருந்த ஏற்றத்தாழ்வில் 21 சதவீதம் வரை விளக்க முடிந்தது. இருவருக்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதை வைத்து 45 சதவீதம் வரை. இரண்டாவது வகையில் மேலே வந்தவை: துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார் என்ற நம்பிக்கை, துணையை மெச்சும் மனசு, தாம்பத்திய நிறைவு, சண்டையின் அளவு. துணை தன்னைப் பற்றித் தானே நிரப்பிக் கொடுத்த குணவிவரங்கள் கணிப்புக்குப் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. அதாவது, பயோடேட்டா!

பெரும்பாலும் மேற்கத்திய ஜோடிகள்தான், அதுவும் ஏற்கெனவே சேர்ந்து இருப்பவர்கள். நம்மூருக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் பார்க்க வேண்டிய திசை தெரிகிறது. "இவர் எப்படிப்பட்டவர்?" என்பதோடு "இவர் பக்கத்தில் இருக்கும்போது நான் எப்படி இருக்கிறேன்?" என்றும் கேட்க வேண்டும்.

அடுத்து ஜான் காட்மன். சியாட்டிலில் ஒரு வீடு மாதிரியே அமைத்த ஆய்வுக்கூடத்தில் புதுமணத் தம்பதிகளைத் தங்கவைத்துக் கவனித்தவர். ஒருவர் "அங்க பாரேன், என்ன பறவை அது" என்கிறார். மற்றவர் நிமிர்ந்து பார்க்கிறாரா, போனிலேயே மூழ்கிக் கிடக்கிறாரா? ஆறு வருஷம் கழித்தும் சேர்ந்திருந்தவர்கள், அந்த ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட அழைப்புகளில் 86 சதவீதத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பிரிந்தவர்கள் 33 சதவீதத்துக்கு. உறவை அரிக்கும் நான்கையும் அவர் சொல்கிறார்: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், எதற்கெடுத்தாலும் தன்னை நியாயப்படுத்துவது, பேசாமல் சுவராகிவிடுவது. தொல்காப்பியத்தின் வன்சொல்லையும் தற்பெருமையையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. காட்மன் விவாகரத்தை 90 சதவீதம் சரியாகக் கணிப்பார் என்று எழுதுகிறார்கள். 2001இல் ஹேமன், ஸ்லெப் என்ற இருவர் இந்த வகைக் கணிப்புகளின் ஓட்டையைக் காட்டினார்கள். முடிவு தெரிந்த பிறகு அதே தரவில் சூத்திரம் பொருத்தினால் துல்லியம் நன்றாகத்தான் வரும். பார்க்காத புதுத் தரவில் சோதித்தால்தான் அது கணிப்பு. போன வருஷக் கேள்வித்தாளை மனப்பாடம் பண்ணி, அதே தாளில் நூறு வாங்குவது மாதிரி. ஆகவே இவற்றைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், ஜோசியமாக அல்ல.

அப்படியானால் எதைக் கவனிப்பது?

அவளுக்கு நான் சொன்னவை இவை.

1. "வேண்டாம்" என்றால் என்ன ஆகிறது? பொய்யாகச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை. நிஜமாகவே பிடிக்காத ஒன்று மூன்று சந்திப்புக்குள் வரத்தான் செய்யும். அப்போது சும்மா தலையாட்டாமல் சொல்லிவிட வேண்டும். முகம் சுண்டினால் தப்பில்லை, எல்லோரும் மனுஷங்கதான். அதற்குப் பிறகு ஏன் என்று கேட்கிறாரா, தண்டிக்கிறாரா என்பதுதான் விஷயம். பேச்சை நிறுத்துவதும் தண்டனைதான். தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரை உள்ள, திருமணம் ஆன பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்தவர்கள். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

2. உன் நல்ல செய்திக்கு என்ன பதில்? கஷ்டத்தில் தோள் கொடுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள். ஷெல்லி கேபிள் குழுவின் 2006 ஆய்வில், நல்ல செய்தியை ஒருவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பது உறவின் நலத்தோடு அதைவிட நெருக்கமாக ஒட்டியிருந்தது. "எனக்குப் பிரமோஷன்" என்றால், "அட, எப்படிக் கிடைச்சது?" என்பவர் ஒரு ரகம். "அப்போ வேலை அதிகமாகுமே, வீட்டை யார் பார்ப்பா?" என்பவர் இன்னொரு ரகம்.

3. சின்னச் சின்ன அழைப்புகளுக்குத் திரும்புகிறாரா? நீ போன வாரம் சொன்னது இந்த வாரம் நினைவில் இருக்கிறதா?

4. தனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லாத ஆளிடம் எப்படி? டீக்கடைப் பையன், ஆட்டோக்காரர், வாட்ச்மேன், முக்கியமாகத் தன் வீட்டுப் பெண்கள். இதற்கு என்னிடம் ஆய்வு எதுவும் இல்லை, அனுபவம்தான். உன்னிடம் காட்டுவது விருந்தாளி முகம். அது வேலைக்கு ஆகாது.

5. தப்பு செய்தபின் என்ன செய்கிறார்? "ஸாரி" என்பது சுலபம். அதே தப்பு அடுத்த வாரமும் வருகிறதா என்று பார்.

இதையெல்லாம் உன்னைப் பற்றியும் கேட்டுக்கொள் என்றேன். முறைத்தாள். பொண்ணுங்களுக்கும் முறுக்கு உண்டு.

உத்தரவாதம் கிடையாது

ஜோயல் ஆய்வில் இன்னொரு முடிவும் உண்டு. ஆய்வு முடியும் காலத்தில் உறவு எப்படி இருந்தது என்பதைக் கணிக்கப்போனால் 45 என்பது 18 ஆகிவிட்டது, 21 என்பது 12 ஆகிவிட்டது. யாருடைய உறவு மேலே போகும், யாருடையது கீழே போகும் என்பதை அநேகமாகக் கணிக்கவே முடியவில்லை. எவ்வளவு நல்ல அடையாளம் இருந்தாலும் பத்து வருஷம் தள்ளி என்ன என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். மிச்சப் பாதி, தேர்வு தப்பாகிவிட்டால் திரும்பி வரும் வழி. சர்ட்டிபிகேட்டுகள் தன் கையில், தன் பெயரில் பேங்க் கணக்கு, விடாத வேலை, ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் திறக்கும் அம்மா வீட்டுக் கதவு. முறுக்கைப் பார்த்துச் சிரித்த அதே அப்பா, அக்கா திரும்பி வந்த அன்றைக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் கதவைத் திறந்தார். அவர் செய்த சரியான காரியம் அது.

போன வாரம் பெரம்பூரில் ஒரு ஓட்டலில் அவளும் அந்தப் பையனும் இரண்டாவது முறையாகச் சந்தித்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு தனிக்குடித்தனம் அம்பத்தூரில் என்று அவர் முடிவு செய்து வைத்திருந்தாராம். எனக்கு ஆபீஸ் ரொம்ப தூரம், முடியாது என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, அப்போ நடுவுல எங்கயாவது பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

இதை வைத்து மட்டும் எதுவும் முடிவு செய்ய முடியாது. இன்னும் நாலு முறை பார்க்கட்டும் என்று சொல்லியிருக்கிறோம். அவள் வீட்டுக்கு வந்ததும் நான் வேலை, சம்பளம் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம். அக்கா மட்டும் அடுப்படியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"முடியாதுன்னு சொன்னியே, அப்போ அவரு மூஞ்சி எப்படிடீ இருந்துச்சு?"