வெக்கையிலும் குழந்தைக்குத் தண்ணீர் ஏன் வேண்டாம்?

சித்திரை வெக்கையில் கொழும்பு வெள்ளவத்தை மாடிவீடுகள் புழுங்கும்போது, மூன்று மாதக் குழந்தைக்குத் தொண்டை வறளாதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது அன்பினால்தான். ஆனால் தாய்ப்பாலில் ஏறக்குறைய 87 வீதம் தண்ணீரே. உப்பும் புரதமும் அதில் குறைவு. ஆகவே கழிவை வெளியேற்றக் குழந்தையின் சிறுநீரகத்துக்கு மேலதிக நீர் தேவைப்படாது. ஊட்டத் தொடங்கியதும் பெரும்பாலும் முதலில் வருவது நீர்த்த, சற்றே நீலம் பாய்ந்த பால். தாகத்துக்கு அதுவே போதும்.

கொதித்தாறிய தண்ணீரில் கிருமி இல்லையே, இரண்டு கரண்டி கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கிருமி மட்டுமே சிக்கல் என்றால் அது நியாயம்தான். ஆனால் சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் குழந்தை குறைவாகவே உறிஞ்சும். மார்பில் பால் தேங்கத் தேங்கச் சுரப்பும் குறையும். பிறகு பால் காணாது என்று பால்மா தேடுகிறோம். தண்ணீர் மிஞ்சினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். வெக்கை கூடினால் இன்னும் அடிக்கடி பாலூட்டுங்கள். நாளுக்கு ஆறு தடவையாவது வெளிர்நிறச் சிறுநீர் போனால் பயம் வேண்டாம். குறைந்தால் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். கொழும்பு வெயிலில் வளர்ந்தவர்களும் அவர்களுள் அடக்கம்.