உங்களுக்குத் தெரியுமா? கைப்பேசிக்கும் ஒரு நாணயம்

கோபுரத்தின் துணையின்றிக் கைப்பேசிகளே ஒன்றுக்கொன்று செய்தியைக் கடத்தும் வலையில், முகமறியாத பிறர்க்காகத் தம் மின்கலச் சக்தியைச் செலவிட எவர்தாம் மனமுவந்து முன்வருவர்? 2000-ஆம் ஆண்டில் நூட்டெல்லா என்னும் கோப்புப் பகிர்வு வலையை ஆராய்ந்தோர், ஏறக்குறைய 70 சதவீதத்தினர் பெற்றார்களேயன்றி எதையும் வழங்கவில்லை என்று கண்டனர். இச்சுபாவத்தை உணர்ந்த சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்களான புட்யானும் ஹூபோவும், பிறர் செய்தியைக் கடத்தினால் வரவாகவும், தன் செய்தியை அனுப்பினால் செலவாகவும் அமையும் 'நக்லெட்' என்னும் கற்பித நாணயத்தை வகுத்து, அதன் கணக்கை எவரும் திருத்தவியலாத பாதுகாப்புப் பகுதியொன்றைக் கருவிக்குள்ளேயே வைக்கவேண்டும் என்றனர். நியாயமான ஏற்பாடுதான், ஆயினும், எடுத்துக்காட்டாக, இத்தகைய வலை காஞ்சியில் அமைந்தால், நகரின் நடுவில் இருப்பவருக்கு வரவு மிகுந்து, புறத்தேயுள்ள ஏனாத்தூர்வாசிக்கோ பிறர் செய்தி தம் வழியே செல்லும் சந்தர்ப்பம் அரிதாகி, நாணயம் தீர்ந்துபோகும் என்பதே அதன் குறை.